நூல் வளைகிறது

என் அண்ணன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுபவர். நான் அவருக்குக் கையாள். என்றைக்காவது நான் ஒரு கல்லைப் பதித்தால், "வைக்கிறியா, வீசுறியா?" என்பார். மூக்குக்கு மேல் கோபம். ஆனால் அவர் ஒட்டிய தரையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அண்ணனுக்கு வலது கண்ணில் புரை. சின்ன வேலை என்றுதான் உள்ளே கூட்டிப்போனார்கள். வெளியே வந்த டாக்டரின் முகமே சரியில்லை. லென்ஸைத் தாங்க வேண்டிய மெல்லிய பை கிழிந்துவிட்டதாம். இன்னொரு முறை படுக்க வைத்துத்தான் லென்ஸைப் பொருத்தினார்கள். அப்புறம் கண்ணின் பின்பக்கம் வீக்கம். சொட்டு மருந்திலேயே மாதங்கள் ஓடின. கடைசியில் சுவரில் இருந்த எழுத்துகளைக் கடகடவென்று படித்தார். "பார்வை நல்லா வந்திருக்கு" என்றார் டாக்டர். அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோடு நேராகத் தெரிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணனும் வாயைத் திறக்கவில்லை.

வேலைக்குத் திரும்பியதுமே, வரிசை பிடிக்கக் கட்டிய நூல் தொய்ந்திருக்கிறது என்று என்னைத் திட்டினார். நூல் விறைப்பாகத்தான் நின்றது. பிறகு நூலை விட்டுவிட்டு, ரப்பர் சுத்தியலால் கல்லைத் தட்டித் தட்டி, தன் கண்ணுக்கு நேராகத் தெரியும்வரை வரிசையை வளைத்தார். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. அவருக்கு இருப்பதே இந்த ஒரு கண்தான். அவர் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து, கலவை இறுகுமுன் கற்களை நூலுக்கு நேராக நகர்த்தி வைத்தேன். தினமும் இதே திருட்டு வேலை.

ஒரு சமையலறையில் மாட்டிக்கொண்டேன்.

"எவன்டா இதை வளைச்சது?"

அவர் மண்டியிட்டு, நீள அலுமினியச் சட்டத்தை வரிசையோடு ஒட்டி வைத்தார். விரல் நுனியால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். எங்கும் இடைவெளி இல்லை. கண்ணால் பார்த்தார். மறுபடி தடவினார்.

"நீதான் மாத்தினியா?"

"ஆமாண்ணே."

"இங்க மட்டுமா?"

"இல்லண்ணே. எல்லா இடத்துலயும்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அடுத்த கண்ணையும் ஆபரேஷன் பண்ணச் சொல்றாங்கடா. அதுவும் இப்படி ஆயிட்டா?" என்றார்.

"ஆகாதுண்ணே" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

பாதித் தரை பாக்கி இருந்தது. அவர் நூலை என் கையில் கொடுத்துவிட்டு, வாளியோடு கலவை குழைக்கப் போனார். அது கையாள் செய்யும் வேலை. குழைத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"தண்ணி போதுமா? பாத்துச் சொல்லு" என்றார்.