இடம் மாறிய ஏழாம் கொடி

ஹுப்பள்ளியில், ஏன், மூன்று உலகத்திலும் நீலவ்வாவை விட அதிக மூளை உள்ளவர் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. மொத்தம் முப்பத்தேழு. எல்லாம் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு கூடத்தில் மூடி போட்ட வாளிகளில் கிடந்தன. நாலாவது வரை படித்த நீலவ்வா இருபத்தாறு வருஷமாக அவற்றைக் கழுவி மாணவர்களின் மேசைக்கு அனுப்பிவந்தார்.

கூடத்தைப் பெருக்கியவள், அவரைச் சிக்கவ்வா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் அக்கா மகள் கங்கி. பதினேழு வயது. பத்தாவதில் தவறியவள், தவறியதற்கு அவளிடம் பதினாறு காரணங்கள் இருந்தன.

"பின்னால சின்னக் காலிஃபிளவராட்டம் தொங்குது பாரு, அதான் சிறுமூளை. நடை தள்ளாடாம பாத்துக்கும். கேன்டீன் ஈரய்யாவுக்குச் சாயங்காலமானா அது லீவு போட்டுடும்," என்பார் நீலவ்வா. "நெத்திக்குப் பின்னால இருக்கறது, 'வாயை மூடு'ன்னு சொல்ற இடம்."

"உனக்கு அதை வெக்க மறந்துட்டாங்க சிக்கவ்வா."

"உன்னுதை வாளியிலேயே விட்டுட்டாங்க. அதான் தேடிட்டிருக்கேன்."

விளையாட்டாகக் கற்றதல்ல அது. பதினோரு வருஷத்துக்கு முன் அவர் கணவர் ஃபக்கீரப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். திருப்பிச் சொல்லத்தான் வராது. மிஞ்சிய ஒரே சொல் 'ஆச்சு'. பசித்தாலும் ஆச்சு, கோபம் வந்தாலும் ஆச்சு. நீலவ்வா டாக்டர்களைப் பிடித்து நச்சரித்து, பேச்சு குடியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். இடது பக்கம், நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே. அதிலிருந்து எந்த மூளையைக் கழுவினாலும் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவித்தான் வைப்பார்.

ஃபக்கீரப்பா மதியம் கல்லூரி வாசலுக்கு வருவார். சம்ப்ரீத் என்ற மாணவன் அவரைப் பார்க்கும்போதெல்லாம் "ஆச்சா? ஆச்சு ஆச்சு!" என்று கூட்டாளிகளுக்கு நடித்துக் காட்டுவான். நீலவ்வா காதில் விழாத மாதிரி ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பார். கங்கிக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கொடித் தேர்வு வந்தது. மூளையில் எண் போட்ட காகிதக் கொடியை ஊசியால் குத்தியிருப்பார்கள்; மணி அடிப்பதற்குள் அந்த இடத்தின் பெயரை எழுத வேண்டும். பேராசிரியை ஹிரேமட் கொடுத்த பட்டியலைப் பார்த்து நீலவ்வா கொடிகளைக் குத்திவிட்டுக் கை கழுவப் போனார். கங்கி ஏழாம் கொடியைச் சிறுமூளையிலிருந்து பிடுங்கி, மூளைத்தண்டின் முன்னால் புடைத்திருக்கும் பான்ஸ் என்ற பகுதியில் குத்தினாள். சிறுமூளையென்றால் குழந்தைகூடச் சொல்லும். பான்ஸில் சம்ப்ரீத் தடுக்கி விழட்டும்.

அவனோ எப்படியோ பட்டியலை முன்பே பார்த்துவிட்டிருந்தான். மேசைப் பக்கம் குனியாமலே 'சிறுமூளை' என்று எழுதினான். பட்டியலை வைத்துத் திருத்தியபோது, கண்ணால் பார்த்துச் சரியாக எழுதிய அத்தனை பேருக்கும் ஏழாம் கொடிக்குப் பூஜ்யம். அவனுக்கு முழு மதிப்பெண். மாணவர்கள் கூச்சல் போட்டார்கள். ஹிரேமட் வந்து பார்த்தார்.

"யார் குத்துனது?"

"நான்தான் மேடம்."

"கண்ணு சரியில்லன்னா முன்னாடியே சொல்றதில்லையா நீலவ்வா? திங்கக்கிழமையிலிருந்து சலவைப் பிரிவுக்குப் போயிடுங்க."

கங்கி துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கத் தொடங்கினாள்.

அதைவிட மோசமானது மறுநாள் நடந்தது. நீலவ்வா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மறு கண்ணை. பிறகு தன் பெயரை, ஃபக்கீரப்பாவின் பெயரை, கிழமைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"என்ன சிக்கவ்வா பண்ற?"

"சிறுமூளையிலதான் குத்துனேன்னு சத்தியமா ஞாபகம் இருக்குடி. ஆனா கொடி வேற இடத்துல. அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. எனக்கும் வந்துடுச்சுன்னா அந்த மனுஷன் 'ஆச்சு'ன்னா என்னன்னு யாருக்குப் புரியும்?"

நீலவ்வா கட்டிக் கொடுத்த சோள ரொட்டியைக் கங்கி இரண்டாகப் பிட்டாள். பாதியை நாய்க்குப் போட்டாள். அது வாலை ஆட்டியதுகூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹிரேமட்டின் அறைக்குப் போனாள். உண்மையைச் சொல்லத்தான் போனாள். கதவைத் தாண்டியதும் அது பாதியாகிவிட்டது.

"பெருக்கறப்போ துடைப்பம் பட்டு ஊசி விழுந்துடுச்சு மேடம். எடுத்து எங்கயோ குத்திட்டேன். எனக்கு மூளையில ஒண்ணும் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு."

ஹிரேமட் நீண்ட நேரம் திட்டினார். பிறகு நீலவ்வாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, கூடத்திலேயே இருக்கச் சொன்னார். நீலவ்வா "சரிங்க மேடம்" என்றார். கங்கிக்கு மூச்சு திரும்பி வந்தது. பாதிப் பொய்க்கு இவ்வளவு நல்ல பலன் என்றால் பத்தாவதையே தாண்டியிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

கூடத்துக்கு வந்ததும் நீலவ்வா குழாயைத் திறந்து ஒரு பாதி மூளையை உள்ளங்கையில் வைத்துக் கழுவத் தொடங்கினார். கட்டைவிரல் தண்டின் மேல், புடைத்த இடத்தில் நின்றது.

"கங்கி, இது என்னடி? பேரு சட்டுனு வர மாட்டேங்குது."

அந்தக் குரலில் இருந்த பயம் கங்கியைக் குத்தியது. "பான்ஸ், சிக்கவ்வா! முகத்தைச் சுளிக்கறது, கண்ணைப் பக்கவாட்டுல உருட்டறது எல்லாம் அங்கதான். நல்லா யோசிச்சுப் பாரு, உனக்குத் தெரியும்!"

நீலவ்வா குழாயை மூடினார்.

"எனக்குத் தெரியும். மேடம்கிட்ட 'ஒண்ணும் தெரியாது'ன்னு சொன்னது யாரு?"