இடக்கை வெட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி எல்லாம் எனக்கு ஒத்துவராத சமாச்சாரம். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் தன்னந்தனியாகப் பால் வெட்டியவன் நான், பயந்திருந்தால் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நிக்கோபார் பக்கம் கட்சால் தீவில், சிலோனிலிருந்து வந்த எங்களுக்கு அரசாங்கத் தோட்டத்தில்தான் வேலை. நானும் என் தங்கை ராசாத்தியின் புருஷன் முத்தையாவும் பக்கத்துப் பக்கத்து வரிசை. மச்சான் இடக்கைக்காரர். நாங்கள் எல்லோரும் பட்டையை இடது மேலிருந்து வலது கீழாகச் சரித்து வெட்டுவோம், அவர் கத்தி மட்டும் நேர் எதிராகச் சரியும். மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார்.

"க்யா முத்தையா, ஃபிர் உல்டா? மரம் உனக்கு மட்டும் தலைகீழா நிக்குதா?"

மச்சான் சிரிப்பார், மறுநாளும் அதே உல்டாதான். அந்தத் தீவில் அப்படி வெட்ட வேறு ஆள் கிடையாது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, நிலம் ஆடி அடங்கியதும் நாங்கள் மேட்டுக்கு ஓடினோம். மச்சான் அதற்கு முன்பே மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். உடல் கிடைக்கவில்லை. லீவு நாளிலும் இடுப்பை விட்டு இறங்காத அந்த வெட்டுக்கத்தியும் அவரோடு போயிற்று.

ராசாத்தி அழவே இல்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மேட்டில் தகரக் கொட்டகையில் கிடந்தோம், கப்பல் வரும் நாளெல்லாம் அவள் இறங்கிப்போய்க் கடைசி ஆள் கரையேறும்வரை நிற்பாள். மாதங்கள் ஓடின. காணாமல் போனவர் பட்டியலிலிருந்து இறந்தவர் பட்டியலுக்குப் பெயரை மாற்ற அவள் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

"நான் போட மாட்டேண்ணே. போட்டா அவர நானே கொன்ன மாதிரி ஆயிரும்," என்றாள்.

நான் விடவில்லை. இப்படியே போனால் இவளும் கைவிட்டுப் போய்விடுவாள் என்று பட்டது. ஒரு வாரம் கெஞ்சி, திட்டி, ஒருவழியாகச் சரி சொல்ல வைத்தேன்.

அன்று காலை ஏழு மணி இருக்கும். அவளைக் கூட்டிவரத் தோட்டத்தின் குறுக்கே நடந்தேன். சுனாமிக்குப் பிறகு வேலை நின்று, யாரும் மரத்தில் கத்தி வைக்காமல், பால் பிடிக்கிற சிரட்டையெல்லாம் மழைத்தண்ணீரும் சருகுமாகக் கிடந்தது. மச்சானின் வரிசையில் மட்டும் சிரட்டைகள் சுத்தமாக இருந்தன. நம்பினால் நம்புங்கள், அவற்றில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சை வெட்டு, வலது மேலிருந்து இடது கீழாக. விரலை வைத்தேன், ஒட்டியது. பதினோரு மரம். பன்னிரண்டாவதில் பாதி வெட்டோடு நின்றிருந்தது, யாரோ கூப்பிட்டு எழுந்துபோன மாதிரி. "மச்சான்" என்று கூப்பிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு தடவை கூப்பிட்டேன்.

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் அவளைக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போடவைத்தேன். சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டாள். அன்று சாயங்காலம் தாலியைக் கழற்றினாள், அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். இத்தனை வருஷமாக அது என் மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது நாங்கள் போர்ட் பிளேரில் இருக்கிறோம். போன மாதம் ஒருநாள் மத்தியானம் நிலம் லேசாக ஆடியது. பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர் "பாஹர் ஆவோ, பாஹர்!" என்று கத்த, தெருவே ரோட்டுக்கு வந்துவிட்டது. கரண்ட் கம்பி ஆடுவதைப் பார்த்தபடி ராசாத்தி சொன்னாள்:

"அண்ணே, கையெழுத்துப் போட்ட அன்னைக்கு உங்க சட்டையில பச்சைப் பால் ஒட்டியிருந்துச்சு. வெட்டே இல்லாத தோட்டத்துல பால் ஏதுன்னு நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லிருவீங்கல்ல. அப்புறம் நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது?"

வீட்டுக்குள் போனதும் அந்தச் சட்டையைக் கேட்டாள். அன்றோடு மடித்துப் பெட்டியில் போட்டதை அதற்குப் பிறகு நான் தொட்டதே இல்லை. ரப்பர் பால் அன்றைக்கே இறுகிவிடும், நாளாக ஆகக் கறுத்தும் போகும், இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சட்டையில் கறை வெள்ளையாக இருந்தது. ராசாத்தி கட்டைவிரலை வைத்தாள், ஒட்டியது. அவள் விரலை எடுக்கவில்லை.