இமோலாவுக்கு வழி: கோபி, சத்தி, சரவணம்பட்டி

கோபிசெட்டிபாளையத்திலிருந்து கோவைக்குச் சத்தி வழியாகப் போவதா, அவினாசி வழியாகப் போவதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சத்தி வழியாகப் போங்கள். ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், வாழையும் நெல்லுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்கிறார்கள். நான் அந்த வழியில் மறக்க முடியாதபடி போனது 1994 மே முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வாழையும் தெரியவில்லை, நெல்லும் தெரியவில்லை.

என் தம்பி செல்வராஜ் கோவையில், கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் இன்ஜின் வேலை பார்த்தான். சரவணம்பட்டியில் அறை. பந்தயக் கார்களுக்கு இன்ஜின் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவனுக்கு, தானே ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சென்னைக்குப் பக்கத்தில் நடக்கவிருந்த பந்தயத்தில் முதல்முறையாக ஓட்டப்போவதாகச் சொன்னான். அந்த ஞாயிறு அவன் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. கோழிக்குழம்பைப் போட்டுவிட்டு, பந்தயம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம்.

விடிந்ததும் பக்கத்து மளிகைக்கடைக்காரர் வாசலுக்கு வந்தார். அவர் கடை போன்தான் எங்களுக்கும் போன்.

"ஏனுங்க அம்மணி, கோயமுத்தூர்லருந்து தம்பியோட கூட்டாளி பேசுனாருங்க. ரேஸ்ல ஓட்டறவரு போயிட்டாராமுங்க. தம்பி இன்னைக்கு வரமாட்டாராமுங்க."

"யாருங்க போயிட்டாரு?"

"அதைக் கேக்கறதுக்குள்ள லைன் கட்டாயிப்போச்சுங்க."

எங்கள் பக்கம் கடைக்குக் கிளம்பினால்கூட 'போறேன்' என்று சொல்ல மாட்டோம், 'வாரேனுங்க' என்போம். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் காலங்காத்தால வந்து நின்று 'போயிட்டாரு' என்றால் என்ன நினைப்பீர்கள்? பட்டறைக்குப் போன் போட்டேன். மே தினம், விடுமுறை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோழி அடுப்பில் இருக்க, அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

அன்றைக்குப் பயணம் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. புளியம்பட்டியில் டீ குடிக்க நிறுத்துவார்கள். வெயில் காலத்தில் போகிறவர்கள் டிரைவருக்குப் பின்னால் இடம் பிடியுங்கள். எனக்கு எங்கே உட்கார்ந்தேன் என்பதே தெரியவில்லை. பக்கத்து இருக்கை அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, யாராச்சும் தவறிட்டாங்களா?"

"தெரியலீங்க."

"தெரியாமயா அழுகறீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான் போறேனுங்க."

அந்த அம்மா அன்னூர் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். யார் செத்தது என்று தெரியாமலேயே அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரவணம்பட்டியில் இறங்கி ஓடினேன். கதவைத் தட்டினால், பல் துலக்கிக்கொண்டு திறக்கிறான் என் தம்பி! முதுகில் நாலு சாத்து சாத்தினேன். செத்தது ஆஸ்திரியாக்காரர் ஒருவராம். முந்தின நாள் இத்தாலியில் இமோலா என்ற ஊரில், பந்தயத்துக்கு முந்தைய தகுதிச் சுற்றில், வேகமாக வந்து சுவரில் மோதிவிட்டார். இன்றைய பந்தயத்தைப் பார்க்காமல் கிளம்ப முடியாது என்றுதான் தம்பி வரவில்லை.

"நல்லவேளை, வேற யாரோ" என்றேன்.

"அவருக்கும் அக்கா இருப்பாங்க இல்லீங்க்கா?" என்றான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு, தம்பிக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரரின் கூடத்தில், கேபிளில் பந்தயம். ஒரு சாவு விழுந்த இடத்தில் மறுநாளே எப்படி ஓட்டுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. கிளம்பும்போதே இரண்டு கார்கள் மோதின. கொஞ்ச நேரத்தில், முன்னால் போய்க்கொண்டிருந்த பிரேசில்காரரின் கார் வளைவில் திரும்பாமல் நேராகச் சுவருக்குப் போனது. தம்பிக்கு அவர் என்றால் உயிர்.

"தலை அசைஞ்சுதுங்க்கா! பாத்தீங்களா?"

பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட் லேசாக அசைந்தது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போனது. பிறகு பந்தயத்தை மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

காபியோடு வந்த வீட்டுக்காரர் குழம்பிப்போனார். "செத்தது நேத்தா, இன்னைக்கா?"

"நேத்துங்க. அது ஆஸ்திரியாக்காரரு. இவரு பிரேசில்" என்றான் தம்பி.

"வெள்ளிக்கிழமை பயிற்சில அடிபட்டவரும் பிரேசில்னு சொன்னீங்களே?"

"அவரு வேறங்க. அவரு பொழச்சுட்டாரு."

"அப்ப இவரு?"

யாருக்கும் தெரியவில்லை. டிவியிலும் சொல்லவில்லை. யாரோ ஜெயித்தார்கள். அன்றிரவு அங்கேயே தங்கி, வீட்டுக்காரரின் மனைவிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். காலையில் தம்பி உயிரோடு இருந்ததற்குக் கும்பிட்டவள், இப்போது முன்பின் பார்க்காத ஒருவர் பிழைக்க வேண்டுமென்று கும்பிட்டேன். எதற்காகச் சந்தோஷப்படுவது, எதற்காக அழுவது என்று ஒரே குழப்பம்.

திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பேப்பர் விரிந்து கிடந்தது. முதல் பக்கத்தில் அந்தப் பிரேசில்காரரின் படம்; ராத்திரியே போய்விட்டாராம். தம்பி நின்றபடியே படித்தான். அத்தனை பேர் நடுவில் தேம்பித் தேம்பி அழுதான்.

சத்தி பஸ் வந்தது. "நீங்க வேண்டாம்னு சொன்னீங்கன்னா நான் ஓட்டலீங்க்கா" என்றான்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தானே கோழி அடித்தேன்! ஆனால் வேண்டாம் என்றால் விட்டுவிடுவான். விட்டபிறகு அவன் என்னவாக இருப்பான் என்று தெரியவில்லை. ஓட்டு என்றால் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை.

"ஓட்டறதுன்னா நானும் கூட வருவேன் கண்ணு" என்றேன்.

"நீங்க எதுக்குங்க்கா?"

"எதுவானாலும் நானே பாத்துக்கறேன். இன்னொருத்தர் வந்து சொல்லிக் கேக்க என்னால ஆகாது."

சரியாகச் சொன்னேனா என்று இன்று வரை தெரியாது. ஆனால் சொன்னபடியே பந்தயத்துக்குப் போனேன். ஆகவே, கார்ப் பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு: தொப்பி, தண்ணீர், காதுக்குப் பஞ்சு மூன்றும் கட்டாயம். வெளிச் சாப்பாட்டை நம்பாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஓட்டுகிறான் என்றால் முதல் வளைவுக்குப் பக்கத்தில் மட்டும் நிற்காதீர்கள். நான் அங்கேதான் நின்றேன். கண்ணைத் திறந்து வைத்திருந்தேனா, மூடிக்கொண்டேனா என்று எனக்கு நினைவில்லை. பதினொன்றாவதாக வந்தான் என்று பிறகு அவனே வந்து சொன்னான்.