தலைகீழாய் நின்ற தண்ணீர்த் தொட்டி

என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். கடை சின்னதுதான். இரண்டு நாற்காலி, எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி, காத்திருக்கிறவர்களுக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு. கடைக்குப் பின்னாலேயே வீடு என்பதால், நான் அடுப்படியில் நின்றாலும் அவர் பேச்சு என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கத்தரிக்கோல் நின்றாலும் நிற்கும், அவர் வாய் நிற்காது.

எந்தத் தெருவில் குழாய் உடைந்தது, யார் வீட்டில் மாமியாரும் மருமகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள், எந்த டாக்டர் கைராசிக்காரர், எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஒருவர் மனம் நோகும்படி எதுவும் சொல்ல மாட்டார். கேட்டதில் முள்ளை எடுத்துவிட்டுத்தான் பரிமாறுவார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். அவர் தலை வழுக்கை. "மாஸ்டர், எனக்கு வெட்டறதுக்கு ஒண்ணுமில்ல, காதுக்குத் தீனி போடத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் சாய்ந்துகொள்வார்.

இப்படிப்பட்ட மனிதர் கடை விடுமுறை நாளில் ஊமையாகிவிடுவார். விடியும் முன்னே எழுந்து தூண்டிலையும் புழு டப்பாவையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஆற்றுப் பக்கம் போய்விடுவார். சாயங்காலம் திரும்பி வந்தாலும் 'ஆங்', 'ஊங்' அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் நான் பயந்துபோனேன். என்ன தப்பு செய்தேனோ என்று கடவுளிடம் அழுதுகூட இருக்கிறேன். பிறகுதான் புரிந்தது, நாவுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று. எங்கே போய் மீன் பிடிக்கிறார் என்று எனக்கும் தெரியாது. கடையில் எத்தனையோ பேர் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். ஊர்க் கதையெல்லாம் பேசுகிறவர் இந்த ஒன்றை மட்டும் வாயே திறக்க மாட்டார்.

அந்த இடத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் பின்னால்தான். ஆறு ஒரு இடத்தில் வளைகிறது. வளைவில் ஆழமான மடு. அதற்கு வேறு வழியில்லை, கீரைத் தோட்டம் ஒன்றைத் தாண்டித்தான் போக வேண்டும். தோட்டத்துக்காரர் என் வீட்டுக்காரரைவிட மூத்தவர். வாய் பேசத் தெரியும், ஆனால் பேச மாட்டார். பல வருடங்களுக்கு முன்பு என் வீட்டுக்காரர் வேலிக்கு வெளியே நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அண்ணன் கொஞ்ச நேரம் இவரைப் பார்த்தாராம். அப்புறம் மூங்கில் படலைத் திறந்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாராம். அவ்வளவுதான் அவர்கள் அறிமுகம்.

அன்றிலிருந்து இவர் மடுவோரம் தூண்டில் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவர் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருப்பார். மதியம் நான் கட்டிக் கொடுக்கும் சோற்றை இருவரும் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். ஏன் இவ்வளவு சோறு கேட்கிறார் என்று நான் நினைத்ததுண்டு. அந்த அண்ணனின் மனைவி காலமானபோது இவர் கடையைச் சாத்திவிட்டுப் போய் நாள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்ன ஆறுதல் சொன்னீர்கள் என்று பின்னால் நான் கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்லல. அவரும் கேக்கல" என்றார்.

எங்கள் மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அப்பாவுக்குப் புது ஃபோன் வாங்கி அனுப்பினாள். தூண்டில் போடுகிறவர்கள் எல்லாம் கூடிப் படம் போட்டுக்கொள்ளும் ஒரு பக்கத்திலும் சேர்த்துவிட்டாள். முதலில் இவர் பார்ப்பதோடு சரி. பிறகு மெல்ல மெல்லப் பொறுமல் ஆரம்பித்தது. "சுண்டுவிரல் அளவு மீனைப் பிடிச்சிட்டு என்னமோ திமிங்கிலத்தை இழுத்த மாதிரி நிக்கிறான் பாரு" என்று என்னிடம் காட்டிக் காட்டிக் கரித்துக்கொட்டுவார். எனக்குச் சிரிப்பாக வரும். அந்த வயதிலும் ஆண்பிள்ளைகளுக்குள் அந்தப் போட்டி போகாது போலிருக்கிறது.

ஒரு விடுமுறை நாளில் அவர் முழங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை பிடித்தார். வயிற்றில் முட்டை இருந்ததால் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். விடுவதற்கு முன்னால் ஒரு கையில் தூக்கிப் பிடித்து மறு கையால் படம் எடுத்துக்கொண்டார். அதில் அவருக்கு எவ்வளவு எச்சரிக்கை தெரியுமா? வேலி தெரியக் கூடாது, படல் தெரியக் கூடாது, அக்கரையில் இருக்கிற பெரிய தண்ணீர்த் தொட்டி தெரியவே கூடாது. வீட்டுக்கு வந்து பெருமையோடு எனக்குக் காட்டினார். மீன் இருந்தது, கை இருந்தது, பின்னால் தண்ணீர் இருந்தது.

"இது எந்த இடம்னு ஒருத்தனாலயும் சொல்ல முடியாது" என்றார். நானும் பார்த்தேன். தண்ணீர்தானே என்றுதான் எனக்கும் தோன்றியது. அவர் படத்தை அந்தப் பக்கத்தில் போட்டார்.

பாராட்டு வந்து குவிந்தது. மனிதர் அன்று இரவு முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார். மறுநாள் காலையில் எங்கள் தெருப் பெயிண்டர் படத்துக்குக் கீழே எழுதியதைப் பார்த்ததும்தான் அவர் முகம் வெளுத்தது.

பெயிண்டர் நல்ல மனிதர். அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குச் சாரம் கட்டி ஏறி வண்ணம் அடித்தவரே அவர்தான். படத்தில், மீனுக்குக் கீழே, அசையாத தண்ணீரில் தொட்டி தலைகீழாக நின்றிருக்கிறது. இவர் கண்ணில் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. பெயிண்டர் மட்டும் ஃபோனைத் திருப்பிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். 'மாஸ்டர், அந்த நீலப் பட்டை நம்ம கைவேலை' என்று சந்தோஷமாக எழுதிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். தொட்டிக்கு எதிர்க்கரை, கீரைத் தோட்டம், எந்தப் பாதையில் திரும்ப வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வழியும் சொல்லிவிட்டார். தன் வேலையை நாலு பேர் பார்க்கட்டும் என்கிற ஆசை. அதைத் தவிர அவர் மனதில் ஒரு கெடுதலும் இல்லை.

இவர் படத்தை உடனே எடுத்துவிட்டார். பெயிண்டரும் எழுதியதை அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் அது ஃபோன் ஃபோனாகப் போய்விட்டிருந்தது. கொட்டிய பாலை அள்ளுகிற மாதிரி இவர் ஒவ்வொருவருக்காகச் செய்தி அனுப்பிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால நின்னு பொழைக்கிறவன் நான். தண்ணியும் கண்ணாடிதான்னு எனக்குத் தோணலியே" என்றார் என்னிடம்.

அடுத்த விடுமுறை நாளில் அவர் போனபோது தோட்டத்து ஓரம் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் நின்றனவாம். வேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. முளைத்து வந்த கீரையை மிதித்துக்கொண்டு ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். தூண்டிலோடு வந்தவர்கள் கொஞ்சம் பேர், வலையோடு வந்தவர்கள் நிறையப் பேர். பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. மடுவோரம் காலிப் பாட்டிலும் அறுந்த தூண்டில் நரம்பும் முள்ளும் கிடந்தன. முட்டை வைத்த மீன், குஞ்சு மீன் எல்லாம் பையில் துடித்துக்கொண்டிருந்தன.

தோட்டத்து அண்ணன் மண்வெட்டியைப் பிடித்தபடி பாத்தி நடுவில் நின்றிருந்தார். இவரைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்ததாம். வேகமாகக் கிட்டே வந்து, "தம்பி, எவனோ சொல்லிட்டான்டா" என்றாராம். இத்தனை வருடத்தில் அவர் தானாக வாய் திறந்து இவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

என் வீட்டுக்காரர் நான்தான் என்று சொல்லாமலே திரும்பி வந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். பல்வலியா என்று கேட்டவர்கள் உண்டு. வீட்டில் சண்டையா என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தவர்களும் உண்டு. தபால்காரர் பின்பக்கமாக வந்து என்னிடம், "என்னம்மா, மாஸ்டர் தலைய மட்டும் வெட்டி அனுப்பிடுறாரு, பயமா இருக்கு" என்றார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை. இவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவதை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

ஒரு நாள் பிரார்த்தனை முடிந்து எழுந்ததும் அவரிடம் கேட்டேன். அப்போதுதான் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினார். இடம், தோட்டம், அந்த அண்ணன், இத்தனை வருடப் பழக்கம், எல்லாம்.

"நான்தான்னு சொன்னா படலைச் சாத்திடுவாரும்மா" என்றார்.

"சாத்தட்டும். ஆண்டவனுக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாம இருந்து என்ன ஆகப்போகுது? சொல்லாம உள்ள போய் உக்காந்தா அந்த இடம் உங்களுக்கு ஒட்டுமா?"

அடுத்த விடுமுறை நாளன்று அவர் தூண்டிலை எடுக்கவில்லை. கயிற்றுச் சுருளும் அரிவாளும் எடுத்துக்கொண்டார். நானும் சோற்றைக் கட்டிக்கொண்டு கூடப் போனேன்.

அந்த அண்ணன் சாய்ந்த வேலியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் யார் வந்து நின்றாலும் வேலையை விட்டு நிமிராத சுபாவம் போல. என் வீட்டுக்காரர் வெளியே நின்றபடியே பேச ஆரம்பித்தார். ஊரையே சிரிக்க வைக்கிற வாய் அன்று திக்கியது.

"அண்ணே, அது எவனோ இல்ல. நான்தான். பெருமைக்குப் போட்டோ போட்டேன். இடம் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சிடுச்சு."

அண்ணன் கையில் இருந்த மூங்கிலை அப்படியே பிடித்தபடி நின்றார். நான் மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. வேலிக்கு மேலே கையை நீட்டினார். இவர் கயிற்றின் ஒரு முனையைக் கொடுத்தார். உள்ளே இருந்து அவர் இழுக்க, வெளியே இருந்து இவர் முடிச்சுப் போட, வெயில் ஏறுவதற்குள் இருவரும் அந்த வேலியைக் கட்டி முடித்தார்கள். முடிந்ததும் அண்ணன் படலைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். இவர் வெளியேதான் நின்றார். நான் கொண்டுபோன சோற்றை வேலிக்கு மேலாக நீட்டினேன். வாங்கிக்கொண்டார். அந்த மட்டுக்கும் எனக்கு நிம்மதி.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் விடுமுறை நாள் தோறும் அங்கே போய்ப் படலுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார ஆரம்பித்தார். மீன் பிடிக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலை. உள்ளே பாம்பு இருக்கிறது என்று சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்டார். பொய் சொல்லிச் சம்பாதிக்கிற புண்ணியம் வேண்டாம் என்றேன். பெயிண்டர் ஓடி வந்து, 'அனுமதி இல்லை' என்று பெரிய பலகை எழுதித் தருகிறேன், காசு வேண்டாம் என்று நின்றார். "ஐயா சாமி, பலகையைப் பார்த்தா உள்ள என்னமோ இருக்குன்னு இன்னும் நாலு பேர் வருவாங்க. நீ பிரஷ்ஷத் தொடாம இருந்தாலே போதும்" என்று இவர் கும்பிடு போட்டு அனுப்பினார்.

ஆகவே மிச்சம் இருந்தது பேச்சு மட்டும்தான். வருகிறவர்களை நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆரம்பிப்பார். அவர்கள் ஊர், வேலை, வீட்டு நிலவரம் எல்லாம் விசாரிப்பார். அந்தக் கீரைத் தோட்டத்தை நம்பித்தான் உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று சொல்வார். குஞ்சை அள்ளினால் அடுத்த வருடம் மடு வெறும் மடுதான் என்று சொல்வார். கேட்டவர்களில் பாதிப் பேர் வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டார்கள். மீதிப் பேர் திரும்பவில்லை. மீனை மறந்துவிட்டு இவர் எதிரில் உட்கார்ந்து கதை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வாரம் முழுக்கப் பேசிவிட்டு, அந்த ஒரு நாளும் பேசிப் பேசித் தொண்டை கட்டி வருவார் இவர். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுப்பேன். எனக்குப் பாவமாக இருக்கும், ஆனாலும் போக வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கடைசியில் கூட்டத்தில் ஒரு புண்ணியவான் இவர் பேசுவதைப் படமெடுத்துப் போட்டுவிட்டான். 'ஆற்றங்கரை மாஸ்டர்' என்று பெயரும் வைத்துவிட்டான். அடுத்த வாரம் தூண்டிலே இல்லாமல் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவர் முடி வெட்டிக்கொள்ளத் துண்டோடு வந்துவிட்டார்.

அன்றைக்கு அந்த அண்ணன் கைமண்ணைத் தட்டிக்கொண்டு படலைத் திறந்து வெளியே வந்தாராம். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். இவரைப் பார்த்தார்.

"மீனுக்கு வந்த கூட்டமே தேவலடா தம்பி. நீ உள்ள போ."

"அண்ணே, இவங்கள..."

"போன்னா போ."

இவர் உள்ளே போனார். அண்ணன் அந்தக் கல்லில் உட்கார்ந்தார். மாஸ்டர் எங்கே என்று ஒருவர் கேட்டதற்கு, அண்ணன் கேட்டவரையே பார்த்துக்கொண்டு இருந்தாராம், அவ்வளவுதான். மீன் பிடிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டதற்கும் அதே பார்வை. பேசினால் பதில் பேசலாம், சண்டை போட்டால் சண்டை போடலாம். பார்த்துக்கொண்டே இருக்கிறவரை என்ன செய்ய முடியும்? தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தவர்தான் முதலில் கிளம்பினாராம். மதியத்துக்குள் ஒருவரும் இல்லை.

சாயங்காலம் இவர் வீடு திரும்பியபோது வேட்டியெல்லாம் சேறு, நகத்தில் மண். அண்ணன் களை பறிக்கச் சொல்லிவிட்டார் என்றார். சாப்பிடுவதற்கு முன்னால் கை கழுவப் போனவர், கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கரையோரமா குஞ்சுங்க இருக்கும்மா. எல்லாம் போயிடலை. கைய விட்டா விரலைச் சுத்திச் சுத்தி வருதுங்க."