டொக்டர் எஸ்தர் அருள்மணி: உடைந்த மூக்கோடு செய்த சத்திரசிகிச்சை

முந்தாநாள் காலையில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. நாவற்குடாவில் டிப்பர் லொறி ஒன்று டொக்டரின் காரை மதிலோடு வைத்து நசுக்கிவிட்டது. காது, மூக்கு, தொண்டை நிபுணர் எஸ்தர் அருள்மணி அவ்விடத்திலேயே இறந்துவிட்டார். அவர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக்கொடுத்த தாதி நான்.

அவரை மென்மையானவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார்.

சில வருடங்களுக்கு முன் வாகரை மீனவர் ஒருவர் தன் மகளைக் கூட்டிவந்தார். மூக்கு இரண்டும் அடைத்து, மணம் எதுவும் தெரியாமல், வாயால் மூச்சுவிட்டாள். இடது கண் வெளியே தள்ளியிருந்தது. டொக்டர் கமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். உரித்த நுங்கு போல வெளிறிய சதை நிறைந்து தொங்கியது. ஸ்கானில், அது கண்ணோர எலும்பைத் தள்ளியிருப்பது தெரிந்தது.

“இது மூக்குச் சதை. புற்றுநோய் மாதிரித் தெரியல்ல. எடுத்துச் சோதனைக்கு அனுப்புவம். சுணங்கினா பார்வை போயிரும்,” என்றார்.

தகப்பனின் காதில் ஒரு சொல்தான் விழுந்தது. மனைவியை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர்.

“அவளுக்கும் இப்பிடித்தானே பொய் சொன்னீங்க,” என்று இரும்பு ஸ்டூலைத் தூக்கி டொக்டரின் முகத்தில் அடித்தார். மூக்கெலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. வெள்ளைக் கோட்டெல்லாம் இரத்தம். கீழே விழுந்தவரைக் காலாலும் உதைத்தார். ஊழியர்கள் பாய்ந்து இழுத்துத்தான் நிறுத்தினார்கள். மகள் சுவரோடு ஒட்டிநின்று அலறினாள்.

டொக்டர் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். அடுத்த கிழமையே, மூக்கில் பிளாஸ்டரோடு, அந்தப் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை செய்ய வந்தார். வேறு நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன்.

“அடிச்சதுக்கு வழக்கு இரிக்கு. மூக்குக்கு மருந்து இரிக்கு. ரெண்டையும் கலக்கப்படாது, புள்ள.”

சதையை வெட்ட வெட்ட இரத்தம் பொங்கியது. கமராத் திரை முழுக்கச் சிவந்து எதுவும் தெரியவில்லை. மருந்துத் துணியை அடைத்துவிட்டுக் காத்து நின்றார்.

“தெரியாம வெட்டினா கண்ணைத்தான் வெட்டுவம்.”

வலியில் அவருடைய கண்கள் வழிந்தன. மற்றத் தாதி துடைத்துவிட்டார். இரத்தம் அடங்கிய பிறகே மீண்டும் கருவி கேட்டார்.

சோதனை முடிவு சாதாரணச் சதை என்று வந்தது. பிள்ளையின் பார்வை தப்பியது. மூக்கில் வைத்த துணி அடைப்பை எடுத்த அன்று, “டொக்டர், ஸ்பிரிட் மணக்குது,” என்றாள்.

பிணையில் வந்த தகப்பன் காலில் விழப் போனார். டொக்டர் விலகி நின்றார்.

“கோர்ட்டுக்கு வாங்க. மகள்ட மூக்குக்கு ஸ்பிரே அடிக்க மறக்காதீங்க. இது திரும்பியும் வளரும்.”

அப்படியே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். தகப்பனுக்குத் தண்டனையும் கிடைத்தது. பிள்ளையின் கிளினிக் ஒன்றும் தவறவில்லை.

நேற்று பிணவறையில் பெட்டியை உடனே மூடச் சொன்னார்கள். நான் விடவில்லை. முகத்தில் தைத்திருந்த கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் எடுத்தேன். மூக்குத் துவாரங்களில் உறைந்த இரத்தத்தை ஈரப் பஞ்சால், உயிரோடு இருப்பவருக்குத் துடைப்பதுபோல, நோகாமல் துடைத்தேன்.

போயிற்று வாங்க, டொக்டர்.