இரண்டாம் பாகத்தை விட்டுவிடச் சொன்னவர்

‘மூன்றாம் பாகம்’ என்று பேனருக்காக நான் செல்போனில் தட்டி அனுப்பியதைச் செயலாளர் திருப்பி அனுப்பியிருந்தார். அதை ‘இரண்டாம் பாகம்’ என்று மாற்ற வேண்டுமாம். தாராவியில் எங்கள் ரசிகர் மன்றத்துப் பையன்கள் வசனங்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். தமிழ் போஸ்டரைப் படிக்கச் சொன்னால் இந்திக்குத் தாவிவிடுவார்கள். அதனால் செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கும் எனக்கு மன்றத்தின் எழுத்து வேலை வந்து சேர்ந்திருந்தது. ஒரு எண்தானே, மாற்றிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். காய்க்காரர் கேட்காமலே கறிவேப்பிலை போட்டால், வாங்கிய தக்காளியை இன்னொரு முறை புரட்டிப் பார்ப்பவள் நான்.

எங்கள் நடிகர் லாரி டிரைவராக வந்த முதல் படம் ஓடு ஓடென்று ஓடியது. அதன் தொடர்ச்சி வந்தபோது இடைவேளையிலேயே பாதி தியேட்டர் காலி. இப்போது வரப்போகும் படம் முதல் படத்திலிருந்தே தொடர்கிறது, நடுவில் வந்ததை மறந்துவிடுங்கள் என்று டைரக்டரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் ஓயாத சண்டை. ‘உஸ்கோ கினோ மத்’, அதை எண்ணவே எண்ணாதே என்றார்கள் பையன்கள். படிப்பு வரவில்லை என்பதற்காகப் பெற்ற பிள்ளையை இல்லை என்பாயா என்று பழைய ஆட்கள் கேட்டார்கள். நடுப் படத்தில் பாடை கட்டி அனுப்பிய கிளீனர், புதுப் பட டிரைலரில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். அதற்கு என்ன பதில் என்று நான் கேட்டேன். எந்தத் தகராறிலும் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருக்கும் செயலாளர், இந்த முறை பையன்களைவிட வேகமாக இருந்தார். மன்ற அறைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த போஸ்டர்களில் அந்த ஒன்றை மட்டும் தன் கையாலேயே கிழித்தெடுத்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அந்த நடுப் படம் வந்த ஜூன் மாத மழையில்தான், பேனர் கட்டச் சாரத்தில் ஏறிய என் அண்ணன் மூங்கில் வழுக்கி ரோட்டில் விழுந்தான். வலது காலில் கம்பி வைத்தார்கள். மழை விடட்டும் என்று அவன் சொன்னதாகவும், காலைக் காட்சிக்குள் பேனர் ஏறியாக வேண்டும் என்று செயலாளர் விரட்டியதாகவும் அப்போது பேச்சு. அவனை மடியில் போட்டுக்கொண்டு டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனவரும் அவர்தான். அந்தக் காலோடு தையல் மிஷின் மிதிக்க முடியாமல், அண்ணன் இப்போது தோல் பை தைக்கும் பட்டறையில் உட்கார்ந்து பசை தடவுகிறான். மன்றத்துக்குப் போவதை விட்டுவிட்டான். படமே வரவில்லை என்றால் பேனரும் இல்லை, யாரும் விழவும் இல்லை. அவர் கணக்கு அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டேன்.

“அண்ணாச்சி, படத்த மறக்கச் சொல்லுதீயளா, எங்கண்ணன் விழுந்தத மறக்கச் சொல்லுதீயளா?”

அறையில் இருபது பேர் இருந்தோம். செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தவன்கூட நிமிர்ந்தான். செயலாளர் என்னைப் பார்த்தார், வாயைத் திறக்கப் போனார், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். அந்தப் படத்தின் பெயரை எங்கேயும் போடாதீர்கள் என்று அவன்தான் பத்து நாளுக்கு முன் செயலாளரிடம் கேட்டிருக்கிறான். யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறான்.

“அந்தப் படப் பேச்ச எடுத்தாலே எல்லாரும் மொத என் காலத்தான் பாக்காவ. நீயுந்தாம்ட்டி.”

அவன் அதைச் சொல்லும்போதும் என் கண் அங்கேதான் இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வருகிற வழியில் செயலாளர் வீட்டில் இறங்கினேன். இருபது பேர் முன்னால் நான் கேட்டதற்கு, உன் அண்ணன்தான் கேட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம் அவர். சொல்லவில்லை. மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்றேன்.

“நீ கேட்டதுல தப்பில்லம்மா. மழையில ஏறச் சொன்னது நாந்தான? அவன் வந்து கேக்கலேன்னாலும் நான் ரெண்டாம் பாகம்னுதான் போட்டிருப்பேன்.”

இத்தனை வருஷமாக அவர் வாயிலிருந்து வரவழைக்க நினைத்தது அதைத்தான். வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் யாரிடம் சொல்வது? அண்ணனிடம் சொன்னால் பேச்சு மறுபடியும் அவன் காலில்தான் போய் நிற்கும். இன்றுவரை சொல்லவில்லை.