இறைச்சி மேல் போட்ட பழி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். நோட்டு வாங்கி வைத்து ஒரு பக்கம் எழுதுவேன், மறுநாள் கிழித்துவிடுவேன். மலம், ரத்தம், கக்கூஸ் என்றெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது. ஐவேளை தொழுகிறவன், பேத்தி எடுத்தவன், இதைப் போய் எழுதுவதா என்று வெட்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ்வுக்குப் பயந்து நடந்ததை நடந்தபடியே சொல்லுகிறேன்.

மேலப்பாளையத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. பிளாஸ்டிக் குடம், வாளி, துடைப்பம் விற்கிறேன். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் சவூதியில் இருந்தேன். ஒரே அறையில் எட்டுப் பேர். சமைக்கத் தெம்பில்லாத நாளெல்லாம் டப்பா இறைச்சிதான். திறந்து, குப்பூஸ் ரொட்டிக்குள் வைத்து, நின்றபடியே தின்றுவிட்டுப் படுத்துவிடுவோம். ஊருக்கு வந்த பிறகும் அந்த நாக்கு அடங்கவில்லை. சோற்றில் இறைச்சி வாசம் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எங்கள் வீட்டில் ஆடு அறுத்துக் குர்பானி கொடுப்போம். ஏழைகளுக்கு ஒரு பங்கு, சொந்தக்காரர்களுக்கு ஒரு பங்கு, நமக்கு ஒரு பங்கு. சொந்தக்காரர்களும் நமக்கு அனுப்புவார்கள், அதனால் கொடுத்த அளவு திரும்பி வந்துவிடும். மிச்சப்பட்டதை என் வீட்டுக்காரி நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, நூலில் கோத்து மொட்டைமாடியில் கொசுவலைக்குள் காயப்போடுவாள். அதுதான் உப்புக்கண்டம். பெரிய தகரத்தில் அடைத்து வைத்தால் ஏழெட்டு மாதம் கிடக்கும். எனக்குத் தினமும் ரெண்டு துண்டு எண்ணெயில் பொரித்து வைத்தாக வேண்டும். சாம்பாருக்கும் அதுதான், கஞ்சிக்கும் அதுதான். இதை நாங்கள் யாரும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. இறைச்சி என்றால் கடையில் வாங்கி ஆணம், அதாவது குழம்பு, காய்ச்சுவது. கண்டம் தொட்டுக்கொள்ள.

ஐந்து வருஷம் ஆகிறது. அந்த வருஷம் பெருநாளைக்கு ஒரு மாதம் முன்னாலேயே மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. வலி இல்லை. மூலம் என்று நானே முடிவு செய்து, துத்தி இலையைப் பறித்து வந்து வயிற்றுச் சூட்டுக்கு என்று சொல்லி வதக்கித் தரச் சொன்னேன். ரத்தத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

பெருநாள் முடிந்த வாரம் எங்கள் தெரு மண்டபத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள் என்று வீட்டுக்காரி விரட்டினாள். அங்கே ஐம்பது தாண்டினவர்களுக்கெல்லாம் ஒரு சின்ன டப்பா கொடுத்தார்கள். மூன்று நாள் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி தொடாமல் இருந்து, பிறகு மலத்தில் கொஞ்சம் எடுத்து வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் அதில் காட்டிவிடுமாம். டப்பா கொடுத்த நர்ஸ் பிள்ளை சிரித்தாள். "பெருநாள் வாரத்துல வந்து சொல்லுதேன். யாரு கேக்கப் போறிய?"

கேட்கவில்லைதான். அன்றைக்கே என் அக்கா வீட்டிலிருந்து ஈரல் வறுவல் வந்தது. அக்காவை நாங்கள் லாத்தா என்போம். லாத்தா அனுப்பினதை வேண்டாம் என்று சொன்னால் அது பெரிய சண்டையில் போய் நிற்கும். சாப்பிட்டேன். மூன்றாம் நாள் டப்பாவையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரத்தம் இருக்கிறது என்று வந்தது.

"இறைச்சி சாப்பிட்டியளா அண்ணாச்சி?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"சாப்பிட்டேம்மா."

"அப்ப அதனாலயும் இப்படிக் காட்டலாம். மூணு நாள் சுத்தமா விட்டுட்டு மறுபடி கொண்டு வாங்க. கட்டாயம் வரணும், என்ன?"

இறைச்சியால் காட்டலாம் என்ற முதல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவளிடம் என் கண்ணால் பார்த்த ரத்தத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. என் மகள் வயசுப் பிள்ளை, பின்னால் வரிசையில் என் தெருக்காரர்கள். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்ன சொன்னார்கள் என்று வீட்டுக்காரி கேட்டாள். "ரத்தம்னு காட்டுது, இறைச்சி தின்னதாலயாம். மறுபடி பாக்கணுமாம்" என்றேன். நாலைந்து நாள் கழித்து, "மறுபடி பாக்கணும்னு சொன்னியளே?" என்றாள். "பாத்தாச்சு. ஒண்ணுமில்லையாம்" என்று சொல்லிவிட்டேன். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த வாயால் சொன்ன பொய் அது.

பிறகு ஏழு மாதம். ரத்தம் ஒரு வாரம் நிற்கும், அல்ஹம்துலில்லாஹ் என்பேன். மறுவாரம் வரும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போதே போய் முதல் வரிசையில் நிற்கிறவன் நான். நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் குனியும்போது கைலியில் கறை தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. என் மச்சான், வீட்டுக்காரியின் அண்ணன், வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வே மாப்ளே, கடைசியில போயி நிக்கீரு? செருப்புக்குக் காவலா?"

"முட்டி வலிக்கி மச்சான்."

"முட்டி வலிக்கு முதல் வரிசை ஆகாதுன்னு எந்தக் கிதாபுல எழுதியிருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கைலிக்கு மேல் கட்டும் பெல்ட்டில் அதற்குள் ரெண்டு புது ஓட்டை போட்டிருந்தேன். உடம்பு இளைத்ததற்கு வயசு என்றேன், கடையில் அலைச்சல் என்றேன். நோயாக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் அந்த டப்பா சோதனையை நினைத்துக்கொள்வேன். இறைச்சியால் காட்டியது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து ரெண்டு துண்டு கண்டத்தோடு சோறு தின்பேன். பயத்தில் இன்னும் ஒரு துண்டு கேட்ட நாளும் உண்டு.

கண்டுபிடித்தது வீட்டுக்காரிதான். ஒருநாள் காலையில் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"உள்ள என்ன செய்யுதிய?"

"துணி அலசுதேன்."

"கலியாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்துல ஒரு கைக்குட்டை அலசினதில்ல. இப்பம் ஒரு மாசமா கைலியக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிய. கதவத் திறங்க."

திறந்தேன். வாளித் தண்ணீரைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது சமாளித்திருப்பேன். அழவில்லை. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"கொஞ்ச நாளா. மூலம்தான்."

மறுநாளே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே வந்தாள். டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசினார். இறைச்சி வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டார். ஒருநாள், மிஞ்சினால் ரெண்டு நாள் என்றேன்.

"தினமும்" என்றாள் அவள்.

"கண்டத்தையும் சேத்தா சொல்லுத?"

"வேற எதைச் சேக்க?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, உப்புப் போட்டுக் காயவைத்ததும் டப்பாவில் அடைத்ததும் இந்தக் கணக்கில் கட்டாயம் சேர்த்தி, சொல்லப்போனால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றார். பிறகு, "இதுக்கு முன்னால மலச் சோதனை ஏதும் பண்ணிருக்கீங்களா?" என்றார்.

அவள் முந்திக்கொண்டாள். "பாத்தாங்க டாக்டர். முதல்ல ரத்தம்னு காட்டுச்சி. அது இறைச்சி தின்னதால. மறுபடி பாத்ததுல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க."

அவர் பேனாவை எடுத்து அதை எழுதப் போனார். அந்தப் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் நான் பேசியாக வேண்டும். பேசாவிட்டால் என் பொய் அவர் கையெழுத்தில் ஏறிவிடும், அதை நம்பி அவர் மூலத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பினாலும் அனுப்புவார். அப்படி அனுப்பிவிட மாட்டாரா என்று அந்த நேரத்திலும் மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டது. அதை மறைக்க மாட்டேன்.

"மறுபடி பாக்கல டாக்டர்" என்றேன். "பாத்தேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டேன். ரத்தம் அதுக்கு முன்னாலேயே போயிட்டுதான் இருந்துச்சி."

என் பக்கம் திரும்பாமல் அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தஸ்பீஹ் மணி நின்றுவிட்டது.

ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலில் கட்டி. புற்று. கட்டியோடு குடலில் ஒரு துண்டையும் வெட்டி எடுத்தார்கள். மலம் இறங்க வயிற்றில் பை மாட்டிக்கொண்டு நாலு மாதம் நடந்தேன். பையோடு தொழலாமா என்று மார்க்கம் படித்த ஆலிமிடம் கேட்டேன். ஒவ்வொரு வேளைக்கும் சுத்தம் செய்து, கை கால் முகம் கழுவி ஒளு எடுத்துத் தொழுங்கள், அல்லாஹ் சிரமத்தைக் கொடுப்பவன் இல்லை என்றார். நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன்.

இறைச்சியால்தான் வந்ததா என்று டாக்டரிடம் ரெண்டு தடவை கேட்டேன். "ஒரு ஆளைக் காட்டி இதனாலதான் வந்துச்சின்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார். வயசு, குடும்ப வாகு, உடம்புப் பருமன், புகை என்று பலது இருக்கிறதாம். ஆனால் சிவப்பு இறைச்சி அதிகமானால் ஆபத்துக்கு வாய்ப்புக் கூடும், பதப்படுத்தினதைத் தினமும் தின்றால் இன்னும் கூடும் என்றார். போகும்போது ஒன்று சொன்னார். "முகாம்ல சொன்ன அன்னிக்கே வந்திருந்தா இவ்வளவு வெட்ட வேண்டி வந்திருக்காதோ என்னவோ." அந்த 'என்னவோ' இன்னும் காதில் கிடக்கிறது.

லாத்தா பார்க்க வந்து கோபப்பட்டாள். "அல்லாஹ் ஹலாலாக்கினத நோயின்னு சொல்லாத லே. குர்பானி இறைச்சியில பரக்கத் உண்டு, அல்லாஹ்வோட அருள் உண்டு."

"உண்டு லாத்தா. அத ஏழு மாசம் தகரத்துல போட்டு வச்சித் தினமும் தின்னுன்னு யாரு சொன்னா?"

அடுத்த பெருநாளிலிருந்து எங்கள் பங்கில் முக்கால்வாசியைக் காயப்போடாமல் ஈரத்தோடேயே கொடுத்துவிடுகிறோம். நான் வாரத்தில் ஒருநாள் கொஞ்சம் ஆணம் சாப்பிடுகிறேன். வீட்டுக்காரி பேசுகிறாள், சிரிக்கிறாள், மருந்து எடுத்துத் தருகிறாள். ஆனால் நான் எதைச் சொன்னாலும் ஒருநொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறாள். சோதனைக் காகிதத்தை இப்போது அவளே வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

போன மாதம் என் கதை வாட்ஸ்அப்பில் எனக்கே வந்தது. ஒன்றில் நான் கருஞ்சீரகம் தின்று ஆபரேஷன் இல்லாமல் குணமானேனாம். இன்னொன்றில் குர்பானி இறைச்சி தின்றதால் புற்று வந்ததாம், அதனால் யாரும் இறைச்சி தின்னக் கூடாதாம். முதலாவதை நம்புகிறவன் டாக்டரிடம் போகாமல் செத்துப்போவான். ரெண்டாவதை வைத்து எங்கள் சனங்களின் சட்டியை எட்டிப்பார்க்க ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். ரத்தம் கண்டும் வெட்கப்பட்டு ஒளித்துக்கொண்டிருப்பவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர் கையில் இதைக் கொடுங்கள். இறைச்சியைப் பற்றிச் சொன்னதை எடுத்துவிட்டு அனுப்பாதீர்கள், அதைப் பெரிதாக்கியும் அனுப்பாதீர்கள். நான் பொய் சொன்ன இடத்தை இரக்கப்பட்டு வெட்டிவிடாதீர்கள். எழுதினது எழுதினபடியே போகட்டும்.